மூன்று நாள் வந்தேறி

1850 ஜனவரியில் கலிபோர்னியாவில் ஒரு நீதிபதித் தேர்தல் நடந்தது. வேட்பாளர்களில் ஒருவர் நியூயார்க்கிலிருந்து வந்த வக்கீல். எதிரணி அவர் மேல் சொன்ன பெரிய குறை, ஆள் வெளியூர் என்பதுதான். வந்து மூன்று நாள்தான் ஆகிறது, ஊர் நிலவரம் இவருக்கு என்ன தெரியும் என்று கேட்டார்கள். எதிர்த்து நின்ற டாட்சனோ மண்ணின் மைந்தர். அவர் வந்து ஆறு நாள் ஆகியிருந்தது.

வந்தேறி ஒன்பது ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். பெயர் ஸ்டீபன் ஃபீல்ட். பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 34 வருஷத்துக்கு மேல் நாற்காலியை விடாமல் உட்கார்ந்திருந்த மகானுபாவர் இவர்தான்.

நம்மூரில் பஞ்சாயத்து வார்டிலிருந்து பாராளுமன்றம் வரை ஓட்டுப் போடுகிறோம். நீதிபதியை மட்டும் விட்டுவைத்திருக்கிறோம். அமெரிக்கர்கள் அதையும் விடவில்லை. 1832-ல் மிசிசிப்பி மாநிலம், எல்லா நீதிபதிகளையும் ஜனங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும் என்று ஆரம்பித்து வைத்தது. 1846-ல் நியூயார்க்கும் அந்த வழிக்கு வந்தது. இன்றைக்கும் பெரும்பாலான மாநிலங்களில் நீதிபதிகள் ஏதாவது ஒரு விதத்தில் ஓட்டுக்காக ஜனங்கள் முன்னால் நின்றாக வேண்டும். நேற்று வரை கட்சிக்காரரிடம் பீஸ் வாங்கிய வக்கீல், நாளை தீர்ப்பு சொல்வதற்காக இன்று தெருவில் கைகுலுக்கிக்கொண்டு திரிவார். ஆனால் ஃபீல்ட் நின்ற தேர்தலுக்கு இந்தச் சட்டங்களின் தயவெல்லாம் கிடையாது. பதவியையும் தேர்தலையும் ஊரையும் அவரே ஏறக்குறைய ஒரே நாளில் தயாரித்துக்கொண்டார்.

குடும்பம் லேசுப்பட்டதல்ல. அப்பா பாதிரியார். அண்ணன் டேவிட் டட்லி ஃபீல்ட் நியூயார்க்கின் பெரிய வக்கீல். தம்பி சைரஸ் ஃபீல்ட், பிற்பாடு அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அடியில் தந்திக் கம்பி போட்டே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்துப் போட்டும் காட்டியவர். நடுவில் மாட்டிக்கொண்ட ஸ்டீபன், அண்ணனுடைய ஆபீசில் கூட்டாளியாக இருந்து பார்த்தார். அண்ணன் ஆபீசில் தம்பி எத்தனை வருஷம் இருந்தாலும் தம்பிதான். அந்த நேரம் பார்த்துக் கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்தது. பல்லிருந்தவன் பல்லில்லாதவன் எல்லோரும் மேற்கே ஓடினார்கள். நம்மவரும் கிளம்பினார்.

1849 டிசம்பர் 28-ம் தேதி சான்பிரான்சிஸ்கோவில் இறங்கியபோது கையில் 10 டாலர். இரண்டு டிரங்குப் பெட்டியைத் தூக்கி வந்து அறையில் போட்டவர் 7 டாலர் கேட்டார். மறுநாள் இருப்பதிலேயே மலிவான ஓட்டலைத் தேடிப் பிடித்துக் காலைப் பலகாரம் சாப்பிட்டதில் 2 டாலர் போயிற்று. மீதி ஒரு டாலர். இந்த நிலையில் அவரைக் காப்பாற்றியது சட்டப் படிப்பு அல்ல, பழைய பேப்பர். நியூயார்க்கிலிருந்து கொண்டுவந்த 64 செய்தித்தாள்கள் பெட்டியில் கிடந்தன. ஊர்ச் செய்திக்கு ஏங்கிக் கிடந்த ஜனங்கள், வாரக்கணக்கில் பழசான அந்தத் தாள்களை ஒன்று ஒரு டாலர் என்று வாங்கிப்போனார்கள். விற்றுக்கொடுத்தவருக்குப் பாதி. பழைய பேப்பர் வியாபாரத்தில் புதிய பேப்பரைவிட லாபம் பார்த்த ஒரே ஆள் இவராகத்தான் இருக்கும்.

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைகளில் பெரும்பகுதி ஃபீல்டே பல வருஷம் கழித்துச் சொல்ல, சுருக்கெழுத்தாளர் எழுதிக்கொண்ட நினைவுக் குறிப்புகளில் இருப்பவை. அதாவது எதிர்த் தரப்பு ஆஜராகாத வழக்கு. எக்ஸ்பார்ட்டி என்று தெரிந்துகொண்டே மேலே படிக்கவும்.

சான்பிரான்சிஸ்கோவில் வக்கீல் தொழில் ஓடவில்லை. ஜனவரி மத்தியில் படகேறி ஆற்றோடு மேலே போனார். யூபா ஆறும் ஃபெதர் ஆறும் சேருமிடத்தில் நை பண்ணை என்று ஓர் இடம். அங்கே ஆற்றங்கரை நிறையக் கூடாரங்கள், நூற்றுக்கணக்கில் ஜனங்கள், ஒரு பழைய மண்சுவர் வீடு. வீட்டுக்குள் மேஜை மேல் ஒரு வரைபடம் விரித்திருந்தது. புறநகரில் கல் நட்டுக் கொடி கட்டி, வேனில் கூட்டிப்போய் சாம்பார் சாதம் போட்டு மனை விற்பார்களே, அந்தக் காட்சிதான். சாம்பார் சாதம் மட்டும் இல்லை. ஒரு மனை 250 டாலர், பெயர் எழுதுங்கள் என்றார்கள்.

ஃபீல்ட் வக்கீலுக்கே உரிய ஒரு கேள்வி கேட்டார். பெயர் எழுதிவிட்டுப் பிறகு வேண்டாம் என்று தோன்றினால்? வேண்டாமென்றால் எடுக்க வேண்டியதில்லை என்றார் விற்றவர். உடனே பேனாவை வாங்கி 65 மனைகளுக்குத் தன் பெயரை எழுதினார். மொத்தம் 16,250 டாலர். அந்த நிமிஷம் அவர் சட்டைப் பையில் இருந்தது சுமார் 20.

அவ்வளவுதான். பெரிய முதலாளி வந்திறங்கியிருக்கிறார் என்று கூடாரத்துக்குக் கூடாரம் செய்தி பரவியது. நிலத்துச் சொந்தக்காரர்கள் மரியாதையாகத் தேடி வந்து பேசினார்கள். பேச்சுவாக்கில் இவர் வக்கீல் என்று தெரிந்ததும் அவர்களுக்கு இன்னும் சந்தோஷம். ஏனென்றால் மனை விற்கிறார்களே தவிர, பத்திரம் ஒழுங்காக இல்லை. நிலத்தின் மூல சொந்தக்காரர் கேப்டன் சட்டர். அவருடைய மர அறுவை ஆலையில்தான் 1848-ல் தங்கம் அகப்பட்டது. அகப்பட்ட நாளிலிருந்து ஊரார் அவர் நிலத்தில் குடியேறி, மாட்டை அடித்துத் தின்று, அவரை ஓட்டாண்டியாக்கிக்கொண்டிருந்தார்கள். அவரிடமிருந்து கிரயப் பத்திரம் வேண்டும். ஃபீல்ட் எழுதிக்கொடுத்தார். எழுதினால் போதுமா? அதிகாரி ஒருவர் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டும், பதிவேட்டில் ஏற்ற வேண்டும். சுற்றுவட்டாரத்தில் அப்படி ஓர் அதிகாரி கிடையாது.

அதனால் என்ன, ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டால் போகிறது என்றார் ஃபீல்ட்.

கூட்டம் கூட்டினார்கள். ஊருக்கு அரசாங்கம் எவ்வளவு அவசியம் என்று பிரசங்கம் செய்தவர் ஃபீல்ட். அல்கால்டே என்ற பதவிக்குத் தேர்தல் என்று தீர்மானமாயிற்று. மறுபடியும் எழுந்து, அதற்கு நான் நிற்கிறேன் என்றவரும் ஃபீல்ட். 65 மனைக்குப் பெயர் எழுதிய மனிதர், அந்த மனைகளின் பத்திரத்தைப் பதியப்போகிற பதவிக்கு நிற்கிறாரே, இது சரியா என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எல்லோருடைய கவலையும் அந்த மூன்று நாள், ஆறு நாள் விவகாரத்திலேயே நின்றுபோயிற்று. வேட்பாளரின் ஊர் எது என்று விசாரித்து முடிப்பதற்குள் தேர்தல் முடிந்துவிடுவது அப்போதே இருந்திருக்கிறது.

ஜனவரி 18-ம் தேதி ஓட்டெடுப்பு. அன்று ராத்திரி முடிவு கேட்கக் கூடிய கூட்டம், கூடிய கையோடு ஊருக்குப் பெயரும் வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தது. யூபாவில் என்றார் ஒருவர். யூபாஃபீல்ட் என்றார் இன்னொருவர். இதில் ஃபீல்டின் பங்கு எவ்வளவு என்று தெரியவேண்டியதில்லை. சர்க்கம்டோரோ என்று ஒரு படித்தவர் எடுத்துவிட்டார், தங்கம் சூழ்ந்த ஊராம். கடைசியில் பெரியவர் ஒருவர் எழுந்து, நிலத்துச் சொந்தக்காரர் கோவிலோவின் சம்சாரம் மேரி அம்மாள் பெயரை வைப்போமே என்றார். ஊர் மேரிஸ்வில் ஆயிற்று. அந்த அம்மாள் சாதாரணப்பட்டவரல்ல. 1846 பனிக்காலத்தில் மலையில் சிக்கி, செத்தவர்களைத் தின்று உயிர் பிழைக்கும் நிலைக்கு வந்த டானர் பயணக் கூட்டத்தில் தப்பித்தவர். கலிபோர்னியாவில் குடியேறுவதற்கு அவரைவிட அதிக விலை கொடுத்தவர் அந்தக் கூட்டத்தில் யாரும் இருந்திருக்க முடியாது.

அல்கால்டே என்பது மெக்சிகோ காலத்துப் பதவி. கலிபோர்னியா 1848 வரை மெக்சிகோவுக்குச் சொந்தம், அமெரிக்க மாநிலமானது 1850 செப்டம்பரில். நடுவில் இருந்த இந்தச் சந்தில் பழைய பதவிப் பெயரை வைத்துக்கொண்டு புது ஆட்கள் ஆட்சி செய்தார்கள். மெக்சிகோ சட்டப்படி அல்கால்டேவுக்கு இருந்தது சில்லறை அதிகாரம்தான். ஃபீல்டுக்கு மெக்சிகோ சட்டம் தெரியாது. தெரிந்ததாகப் பாசாங்கு செய்யவும் இல்லை. ஜனங்கள் ஓட்டுப் போட்டார்கள், ஆகவே நான் மாஜிஸ்திரேட் என்பது அவருடைய சட்ட நிலைப்பாடு. கிரிமினல், சிவில், பத்திரப் பதிவு, தெரு அளவு, ஆற்றங்கரை மண் சமப்படுத்துவது எல்லாம் அவர் கையில். நம்மூர் தாசில்தார், சப்ரிஜிஸ்திரார், முன்சீப், நகராட்சிச் சேர்மன் நாலு பேரையும் ஒரே கோட்டுக்குள் திணித்த மாதிரி ஓர் ஆள்.

ஒருநாள் தெருவில் இரண்டு பேர் ஒரு குதிரைக்காக மல்லுக்கு நின்றார்கள். நான்தான் அல்கால்டே என்று போய் நின்றார் ஃபீல்ட். நின்ற இடத்திலேயே இருவருக்கும் சத்தியப் பிரமாணம். நின்ற இடத்திலேயே சாட்சி விசாரணை. நின்ற இடத்திலேயே தீர்ப்பு. குதிரை ஒருவருக்குப் போயிற்று. தோற்றவர், சரி சாமி, சேணம் என்னுடையதாச்சே என்றார். ஜெயித்தவரைப் பார்த்து, அதை விலைக்கு வாங்கிக்கொள்ளேன் என்றார் நீதிபதி. அதுவும் முடிந்தது. கோர்ட் கட்டணம் ஓர் அவுன்ஸ் தங்கம். வாய்தா இல்லை, வக்காலத்து இல்லை, நகல் மனு இல்லை. நம் நீதிமன்றங்களில் தாத்தா போட்ட பாகப்பிரிவினை வழக்கைப் பேரன் நடத்திக்கொண்டிருக்கிறவர்கள் இந்தப் பாராவை இரண்டு முறை படிக்கலாம்.

கிரிமினல் வழக்கு அவ்வளவு சுலபமாக இல்லை. திருடன் ஒருவன் பிடிபட்டான். ஜூரி வைத்து விசாரித்து, குற்றம் ருசுவாயிற்று. ஜெயில் இல்லை. காவல் வைக்கப் பணம் இல்லை. சான்பிரான்சிஸ்கோவுக்கு அனுப்பினால் செலவு எக்கச்சக்கம். விட்டுவிட்டாலோ, வெளியே நிற்கும் கூட்டம் பக்கத்து மரத்தில் தொங்கவிட்டுவிடும். ஃபீல்ட் கசையடி விதித்தார். பாதிரியார் வீட்டுப் பிள்ளைக்கு அது உறுத்தத்தான் செய்தது, ஆனால் தூக்குக் கயிற்றைவிடச் சாட்டை கருணையானது என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டார். அடி வாங்கியவன் உயிரோடு போனான் என்பதால் நானும் இந்த இடத்தில் அவரைச் சும்மா விடுகிறேன்.

பதவியால் வருமானம்? கிரிமினல் வழக்குக்குக் காசு வாங்கவில்லை, சிவிலில் சொற்பம் என்கிறார். கொழுத்தது பத்திரப் பதிவில்தான். சப்ரிஜிஸ்திரார் ஆபீஸ் வாசலில் நின்றிருக்கிற யாருக்கும் இது ஆச்சரியமாக இருக்காது. ஒரு சமயம் பெட்டகத்தில் 14,000 டாலர் பெறுமான தங்கத்தூள் இருந்ததாம். அந்த 65 மனைகள் என்னவாயின என்று கேட்பீர்கள். 90 நாளுக்குள் 25,000 டாலருக்கு மேல் விற்றார். விற்றும் பாதிக்கு மேல் கையில் நின்றன. வாடகை தனி.

மே மாதம், செப்டம்பருக்குக் காத்திராமலே இயங்கத் தொடங்கியிருந்த மாநில அரசாங்கம் முறையான நீதிமன்றங்களை அமைத்தது. அல்கால்டே பதவி காலாவதி. ஜில்லா நீதிபதியாக நியமனமாகி வந்தவர் வில்லியம் டர்னர், டெக்சாஸ்காரர். ஜனங்கள் ஓட்டுப் போட்டு வைத்துக்கொண்ட, அந்தப் பதவிக்கான சட்டமே தெரியாத மூன்று நாள் ஆள் ஒழுங்காக வேலை பார்த்தார். சட்டப்படி, முத்திரையோடு, மேலிருந்து அனுப்பப்பட்டவர் என்ன செய்தார் என்று இனிப் பார்க்கலாம்.

ஜூன் 7-ம் தேதி ஃபீல்ட் ஒரு வழக்கில் ஆஜரானார். டர்னர் உத்தரவு போட, ஃபீல்ட் சட்டப் புத்தகத்தை எடுத்துப் பிரிவைப் படிக்கப்போனார். நீதிபதி கத்தினார். 200 டாலர் அபராதம், எட்டு மணி நேரச் சிறை. ஃபீல்ட் ஏதோ சொன்னார். 300 டாலர். இன்னும் ஏதோ சொன்னார். ஏலம் 500 டாலர், 48 மணி நேரத்தில் முடிந்தது. ஷெரீப் வந்து கூட்டிப்போனார். ஃபீல்ட் சளைக்காமல் கவுண்டி நீதிபதி ஹானிடம் ஆட்கொணர்வு மனு போட்டு வெளியே வந்துவிட்டார். டர்னருக்கு வந்ததே கோபம். விடுதலை செய்த நீதிபதி ஹானுக்கு 50 டாலர் அபராதம், 48 மணி நேரச் சிறை. ஃபீல்டையும் அவருக்காகச் சாட்சி சொன்ன வக்கீல்கள் இரண்டு பேரையும் வக்கீல் பட்டியலிலிருந்தே நீக்கினார். ஊரில் பாக்கி இருந்த சட்டம் தெரிந்தவர்கள் வாயைத் திறக்காததால் தப்பித்தார்கள். மாநில உச்ச நீதிமன்றம் மூன்று பேரையும் திருப்பிச் சேர்க்கச் சொல்லி உத்தரவிட்டது.

டர்னர், ஃபீல்டைக் கண்ட இடத்தில் விடமாட்டேன் என்று சாராயக் கடைகளில் சவால் விட்டுத் திரிந்தார். நம் கதாநாயகர் என்ன செய்தார்? ரிவால்வர் இரண்டு வாங்கினார். தையற்காரரிடம் போய், பைக்குள்ளிருந்தே சுட வசதியாகக் கோட்டு ஒன்று தைத்துக்கொண்டார். கையை வெளியே எடுக்காமலே சுட்டுப் பழகி, தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற சின்னப் பொருளையும் அடிக்கிற அளவுக்குத் தேறினார். இதை எனக்கு யாரும் திரித்துச் சொல்லவில்லை. உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருக்கும்போது அவரே பெருமையாகச் சொன்னது.

துப்பாக்கியைவிட நல்ல ஆயுதம் ஒன்று இருப்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. தேர்தல். அந்த வருஷமே சட்டசபைக்கு நின்றார். குதிரையேறிச் சுரங்க ஊர் ஊராகப் போனார். ஓரிடத்தில் திருட்டுக் குற்றத்துக்கு ஒருவனைத் தூக்கில் போட ஜூரி தயாராக இருந்தது. வேட்பாளர் ஜூரிக்கும் கூட்டத்துக்கும் தன் செலவில் சாராயமும் சுருட்டும் வாங்கிக் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தார். இளகிப்போய், கைதியை மேரிஸ்வில்லுக்கு விசாரணைக்கு அனுப்பச் சம்மதித்தார்கள். தேர்தல் சாராயத்தால் ஓர் உயிர் பிழைத்தது என்று கணக்கில் வைக்கத்தக்க சம்பவம் அநேகமாக இது ஒன்றுதான்.

ஜெயித்தார். 1851 சட்டசபையில் நீதிமன்ற ஜில்லாக்களைத் திருத்தி அமைக்கும் மசோதா ஒன்று கொண்டுவந்தார். மசோதா நிறைவேறியபோது, டர்னரின் எல்லைக்குள் டிரினிட்டி, கிளாமத் என்ற வடமேற்குக் காட்டுக் கவுண்டிகள் இருந்தன, மேரிஸ்வில் இல்லை. பிடிக்காத அதிகாரியைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றுவது நமக்குப் பழகிய வித்தை. அதற்காக மாநில வரைபடத்தையே மாற்றியவர் ஃபீல்ட்.

அதே சபையில் உருப்படியான வேலையும் செய்தார். சிவில், கிரிமினல் நடைமுறைச் சட்டங்களை எழுதினார். சுரங்கத் தகராறுகளில் அந்தந்த முகாமின் வழக்கமே சட்டம் என்று ஒரு பிரிவு சேர்த்தார். 1866-ல் அமெரிக்க காங்கிரசே அந்தக் கொள்கையை எடுத்துக்கொண்டது. ஊர் திரும்பியபோது முன்பு சேர்த்த பணம் கையில் இல்லை, கடன் 18,000 டாலருக்கு மேல், மாதம் பத்து சதவீதம் வட்டி. வக்கீலாக உழைத்து அடைத்தார். பிற்பாடு மேரிஸ்வில்லுக்கு வந்த பார்பர் என்ற நீதிபதியோடும் சண்டை. 20 அடி அறைக்குள் ஆளுக்கொரு ரிவால்வர், ஆளுக்கொரு கத்தி என்று நீதிபதி தரப்பே நிபந்தனை போட்டது. ஃபீல்ட் சரி என்றதும் முதலில் அறை போயிற்று, பிறகு கத்தி போயிற்று, கடைசியில் களத்துக்கு வந்த நீதிபதியும் போய்விட்டார்.

1857-ல் மாநில உச்ச நீதிமன்றத்துக்குத் தேர்தலில் ஜெயித்துப் போனார் ஃபீல்ட். அங்கே தலைமை நீதிபதி டேவிட் டெர்ரி, இடுப்பில் கத்தியில்லாமல் வெளியே கிளம்பாதவர். சட்டசபை நாளில் ஃபீல்டுக்கு ஒரு சண்டை அழைப்பில் துணைக்கு நிற்க வேறு ஆள் கிடைக்காதபோது தானாக முன்வந்தவர் பிராடரிக். அவர் செனட்டராக இருந்தபோது, 1859-ல், துப்பாக்கிச் சண்டையில் அவரைக் கொன்றவர் இந்த டெர்ரி. டெர்ரி பதவி விலகியதால் தலைமை நீதிபதியானவர் ஃபீல்ட். 1863-ல் லிங்கன் அவரை வாஷிங்டனுக்கு அனுப்பினார்.

அங்கே சொத்துரிமையின் பெரிய காவலராகப் பெயரெடுத்தார். 20 டாலரை வைத்துக்கொண்டு 65 மனைக்குப் பெயர் எழுதியவருக்குச் சொத்தின் அருமை தெரியாமலா இருக்கும்? 1889 மே மாதம் சே சான் பிங் என்ற சீனத் தொழிலாளியின் வழக்கு வந்தது. 12 வருஷம் கலிபோர்னியாவில் வாழ்ந்தவர். திரும்பி வரலாம் என்ற அரசாங்கச் சான்றிதழோடு ஊருக்குப் போனார். அவர் கடலில் திரும்பிக்கொண்டிருந்தபோது சட்டம் மாறி, சான்றிதழ் செல்லாது என்றார்கள். செல்லாதுதான், அந்நியரை உள்ளே விடாமலிருக்க அரசுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பெழுதினார் ஃபீல்ட். மூன்று நாளில் ஊர்க்காரராக ஏற்றுக்கொள்ளப்பட்டவர் எழுதிய தீர்ப்பில் 12 வருஷம் உதவவில்லை. சிரித்துக்கொண்டே போகிற இந்தக் கதையில் எனக்குச் சிரிப்பு வராத இடம் இது.

அதே வருஷம் ஆகஸ்டில் பழைய டெர்ரி வந்து சேர்ந்தார். டெர்ரியின் மனைவி சாரா, ஒரு கோடீஸ்வரர் தன்னை முன்பே ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டவர் என்று போட்டிருந்த வழக்கில், 1888-ல் ஃபீல்ட் எதிராகத் தீர்ப்புச் சொன்னார். கோர்ட்டிலேயே ரகளை, மார்ஷலுக்குப் பல் போயிற்று. முன்னாள் தலைமை நீதிபதிக்கு ஆறு மாதச் சிறை. வெளியே வந்தவர், 1889 ஆகஸ்ட் 14 அன்று லேத்ரப் ரயில் நிலையச் சாப்பாட்டுக் கூடத்தில் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஃபீல்டைப் பின்னாலிருந்து அறைந்தார். காவலுக்கு வந்திருந்த நீகல் சுட்டார். டெர்ரி அங்கேயே முடிந்தார். ஃபீல்டின் கோட்டுப் பையில் அன்று துப்பாக்கி இல்லை. வயது 72, தொழிலை ஆள் வைத்துச் செய்யும் வசதி வந்திருந்தது.

1890-களில் மனிதருக்கு நினைவு தடுமாறியது. வெகுகாலம் முன்பு க்ரியர் என்ற கிழ நீதிபதியிடம் போய், உங்களால் முடியவில்லை, விலகிக்கொள்ளுங்கள் என்று சொன்ன குழுவில் ஃபீல்டும் இருந்தார். இப்போது சக நீதிபதி ஹார்லன் அருகில் உட்கார்ந்து, அந்தச் சம்பவம் ஞாபகம் இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார். இருக்கிறது, என் வாழ்நாளில் அதைவிட இழிவான வேலை நான் செய்ததில்லை என்று கிழவர் எரிந்து விழுந்ததாகச் சொல்வார்கள். ஹார்லன் எழுந்து போய்விட்டார். ஜான் மார்ஷலின் 34 வருஷச் சாதனையைத் தாண்டிய பிறகு, 1897 டிசம்பரில்தான் ஃபீல்ட் இறங்கினார். அதற்கு முன்னால் இறக்க வழியில்லை. அந்தப் பதவிக்குத் தேர்தல் கிடையாது.